வண்டலுக்கு இரண்டு கையெழுத்து

ஜூலை 8, திங்கள்

காலையில் பால்காரர் வரவில்லை. அலுவலகத்தில் புது ஆள் வந்திருந்தார். இரண்டையும் எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

நீர், நிலம், பாசனம் பற்றிய சொற்களைச் சரிபார்க்க ஒரு பொறியாளர் வேண்டும் என்று எங்கள் அகராதியின் தலைமைப் பதிப்பாசிரியர் கோதண்டபாணி ஐயா அறக்கட்டளையிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். அனுப்பிவிட்டார்கள். பொதுப்பணித் துறையில் செயற்பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். லால்குடியிலிருந்து தினமும் பேருந்தில் வருவார். பெயர் மாசிலாமணி. பெயரில்தான் மாசில்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தபோது கூடவே கொஞ்சம் மண்ணும் வந்து என் மேசையில் கொட்டியது. ஊதினேன்.

"ஊதாதீங்க மேடம், அது உய்யக்கொண்டான் வாய்க்கால் மண்ணு" என்றார்.

எங்கள் வழக்கத்தை அவருக்கு விளக்கும் வேலை என் தலையில் விழுந்தது. ஒரு சொல்லுக்கு ஒரு சீட்டு. அதை இரண்டு பேர் பார்க்க வேண்டும். அந்த இரண்டு பேரும் ஒத்துப்போகிறவர்களாக இருக்கக் கூடாது என்பது நிறுவனர் வைத்த விதி. சண்டையெல்லாம் தீர்ந்த பிறகு, இருவரும் சீட்டின் அடியில் தங்கள் கையாலேயே "இனிச் சொல்ல ஒன்றுமில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அப்போதுதான் சீட்டு அச்சுத் தட்டுக்குப் போகும்.

"நல்லா இருக்கே. எங்க டிபார்ட்மென்ட்ல சண்டை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே கையெழுத்துப் போட்ருவோம்" என்றார்.

தட்டச்சு செய்யும் ரெஜினா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. சீட்டு வேலை விளையாட்டில்லை. எனக்குக் கல்யாண வயது வந்தபோது "அ" தொகுதி அச்சில் இருந்தது. அது முடிந்து நிமிர்ந்தால் ஐம்பத்தாறு வயது.

ஜூலை 10, புதன்

மடை, மதகு, கலிங்கு என்று காலையில் சீட்டுகள் வேகமாக நகர்ந்தன. ஆள் வேலை தெரிந்தவர்தான், அதை மறுக்கவில்லை. மத்தியானம் "வண்டல்" சீட்டை நீட்டினேன். "ஆறு கொண்டுவந்து தரும் நுண்ணிய மண்" என்று எழுதியிருந்தேன். இதில் சண்டை போட என்ன இருக்கிறது?

"ஆறு தர்றதில்லை மேடம்."

"வேற என்ன சார் பண்ணுது?"

"தூக்கிட்டு வருது. வேகம் கொறஞ்சா தூக்க முடியல, கீழ போட்ருது. தர்றதுன்னா மனசு வேணும். ஆத்துக்கு ஏது மனசு?"

காவிரிக் கரையில் உட்கார்ந்துகொண்டு இப்படிப் பேசுகிறார். பிறகு பையிலிருந்து மறுபடியும் அந்த மண்ணை எடுத்து, ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்து, முன்பற்களால் மெதுவாகக் கடித்தார். நான் நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டேன். மண் பார்க்கிறவர்கள் எல்லாரும் செய்வதுதானாம். மணல் என்றால் பல்லில் நறநறவென்று உடையும், களிமண் வெண்ணெய் போல வழுக்கும், வண்டல் இரண்டுக்கும் நடுவே லேசாக நெருடும்.

"நீங்களும் பாக்குறீங்களா?"

"எனக்கு மத்தியானச் சாப்பாடு ஆயிடுச்சு" என்றேன்.

ஜூலை 12, வெள்ளி

சிலிண்டர் வந்தது. மாசிலாமணி வரவில்லை. பல்வலியாம். வராமல் என்ன செய்யும்?

ஜூலை 16, செவ்வாய்

மாடித் தொட்டி கழுவினேன். அடியில் மெத்தென்று படிந்திருந்ததை விரலால் வழித்தேன். ஒரு சந்தேகம்தான், வேறொன்றுமில்லை. துளி எடுத்துப் பல்லில் வைத்துப் பார்த்தேன். லேசாக நெருடியது. கீழ் வீட்டு அம்மா துணி காயப்போட மேலே வந்ததை நான் கவனிக்கவில்லை.

"கால்சியம் கொறஞ்சாத்தாங்க மண்ணு திங்கத் தோணும். டாக்டரைப் பாருங்க" என்றார் கரிசனமாக.

ஜூலை 23, செவ்வாய்

அவர் இன்று எழுதிக் கொடுத்த விளக்கத்தில் மில்லிமீட்டர் இருந்தது, அதற்குப் பின்னால் புள்ளியும் சைபர்களும் இருந்தன. "எந்த விவசாயி சார் அளவுகோலை வச்சுக்கிட்டு வயலுக்குப் போறாரு?" என்று கேட்டேன். "எந்த விவசாயி மேடம் அகராதியை வச்சுக்கிட்டுப் போறாரு?" என்று திருப்பிக் கேட்டார். வாய்க்கு வாய் பேசுகிற மனிதர்.

கோதண்டபாணி ஐயா இடையில் புகுந்து, வண்டல் என்பது "வண்மை"யிலிருந்து வந்திருக்கும், வளம் கொடுப்பதால் அந்தப் பெயர் என்றார். ஐயா எந்தச் சொல்லையும் கொண்டுபோய் வளத்தில் கட்டிவிடுவார். போன மாதம் "வழுக்கை"க்கும் அதே காரணம் சொன்னார். அவர் தலையையே பார்த்துக்கொண்டு எப்படி மறுப்பது? ரெஜினா சிரிப்பை மறைக்கத் தட்டச்சுப் பலகையின் மேல் கவிழ்ந்துவிட்டாள்.

புது ரவிக்கைக்கு அளவு கொடுத்தேன். பழையது கிழிந்துவிட்டது. இரண்டு பழையதும்.

ஜூலை 31, புதன்

காவிரியில் தண்ணீர் வந்துவிட்டது. ஊரே பாலத்தில் நின்று பார்க்கிறது. மாசிலாமணி பத்து மணிக்கு மேல் வந்தார், கால்சட்டை முழங்கால் வரை நனைந்திருந்தது. கையில் ஒரு ஹார்லிக்ஸ் புட்டி. உள்ளே டீ நிறத்தில் புதுத்தண்ணீரும் கரையோரம் அள்ளிய சேறும்.

"சண்டை எதுக்கு மேடம்? இதுவே சொல்லட்டும்" என்று மூடியை இறுக்கி, நன்றாகக் குலுக்கி, ஜன்னல் பலகையில் வைத்தார். முதலில் மணல் இறங்கும். அதன் மேல் வண்டல். களி தண்ணீரிலேயே மிதந்துகொண்டிருந்துவிட்டுக் கடைசியில் மனமில்லாமல் இறங்கும். தண்ணீர் தெளிந்தால் மூன்று அடுக்கும் தனித்தனியாகத் தெரியும். அதைப் படம் எடுத்து அகராதியில் போட்டு, விளக்கத்தையும் முடித்துவிடலாம் என்பது அவர் திட்டம்.

"இப்ப முன்ன மாதிரி வர்றதில்ல. பாதி வண்டல் மேட்டூர் அணையிலேயே தங்கிருது. இது மிச்சம்" என்றார். அதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியது. ஆற்றுக்கு மனசில்லை என்று சொன்னவர்தான்.

ஆகஸ்ட் 5, திங்கள்

ஒரு விஷயத்தை ஐயா இன்று கணக்காகச் சொன்னார். நீர்ப் பகுதியில் மற்ற எல்லாச் சீட்டும் முடிந்துவிட்டன. வண்டல் ஒன்றுதான் பாக்கி. அது முடிந்தால் பகுதி முடிந்தது. பகுதி முடிந்தால் மாசிலாமணி சாரின் நியமனமும் முடிந்தது. ஓசூரில் இருக்கும் மகளோடு போய் நிரந்தரமாக இருக்கப் போகிறாராம். மனைவி இறந்து நான்கு வருடமாக லால்குடி வீட்டில் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறாராம்.

நல்லதுதான். தனியாக இருக்கிற ஆண்களுக்கு ரசம்கூடச் சரியாக வைக்கத் தெரியாது.

புட்டியில் தண்ணீர் மேல்பாதி தெளிய ஆரம்பித்துவிட்டது.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

ஜன்னல் பலகையில் ஒரே தூசி. துடைத்தேன். துடைக்கும்போது புட்டி கை பட்டு லேசாகச் சாய்ந்தது. லேசாகத்தான். மறுபடியும் கலங்கிவிட்டது. வருத்தம்தான், என்ன செய்வது?

ஆகஸ்ட் 9, வெள்ளி

காவிரி இரண்டாகப் பிரியும் முக்கொம்புக்குப் போனோம். அலுவலக வேலை. துணைக்கு ரெஜினாவும் வந்தாள்.

கரை ஓரத்தில் நீர் வடிந்த இடத்தில் வண்டல் தகடு தகடாகப் படிந்திருந்தது. அவர் ஒரு துண்டு எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். குளிர்ச்சியாக இருந்தது. "இங்க ரெஜினாவை விட்டா யாரும் இல்ல மேடம், தைரியமா கடிச்சுப் பாருங்க" என்றார். எனக்குத் தொட்டி மண் அனுபவம் இருப்பது இவருக்கு எப்படித் தெரியும்? கடித்தேன்.

"எப்படி இருக்கு?"

"கீரையைச் சரியா அலசாம கடைஞ்ச மாதிரி இருக்கு."

அவர் சிரித்தார். முப்பது வருஷமா இதைச் சொல்ல வார்த்தை இல்லாமல் அளவு மட்டும் எழுதிக்கொண்டிருந்தேன் என்றார். அதை விளக்கத்தில் சேர்க்கலாம் என்றார். அகராதியில் கீரை வராது என்றேன். ஏன் வராது என்று பேருந்து வரும் வரை வாதம். பேருந்தில் ஏறியும் வாதம். ரெஜினா காதில் பாட்டு மாட்டிக்கொண்டு முன் இருக்கைக்குப் போய்விட்டாள்.

நான் எடுத்துப்போன புளிசாதம் மூன்று பேருக்குச் சரியாக இருந்தது. தற்செயலாக நிறையக் கிளறியிருந்தேன்.

ஆகஸ்ட் 14, புதன்

புட்டிப் பக்கம் எறும்பு. விரட்டினேன். கலங்கியது.

ஆகஸ்ட் 19, திங்கள்

இன்று சொல்லின் பிறப்பைப் பற்றிச் சண்டை. தெலுங்கில் "ஒண்ட்ரு" என்கிறார்கள், "வண்டலி" என்றும் உண்டு. நம் சொல்லுக்கு உடன்பிறப்புகள்தான், ஆனால் யாருக்கும் தாய் வீடு எது என்று தெரியவில்லை. மலையாளத்தில் "எக்கல்" என்பது வேறு குடும்பம். நம் பழம்பாட்டுகளிலோ வண்டல் என்றால் சிறுமிகள் மணலில் வீடு கட்டி, பாவை செய்து ஆடும் விளையாட்டும் ஆகும். மண்ணிலிருந்து விளையாட்டுக்குப் பெயர் வந்ததா, இரண்டுக்கும் சம்பந்தமே இல்லையா என்று கேட்டேன்.

"மண்ணு இல்லாம எதை வச்சு மேடம் வெளையாடும் பிள்ளைங்க? மண்ணுதான் முதல்."

"சார், பேரு வைக்கிறது பிள்ளைங்க. அவங்களுக்கு விளையாட்டுதான் முதல்."

"ரெண்டு பேரும் ஒண்ணரை மாசமா அதைத்தானே பண்ணிட்டு இருக்கீங்க" என்றாள் ரெஜினா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவளை ஒரு முறை முறைத்தேன். அவர் திரும்பி ஜன்னலைப் பார்த்தார். காது சிவந்திருந்தது. வெயில் ஜாஸ்தி.

கடைசியில் "வேர் துணியப்படவில்லை" என்று எழுதினோம். தெரியாது என்பதற்கு அகராதிக்காரர்கள் வைத்திருக்கும் மரியாதையான சொல். அவருக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. "எங்க டிபார்ட்மென்ட்ல தெரியலன்னு எழுதினா மெமோ குடுப்பாங்க. இங்க அச்சுல போடுறீங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஒரு வேலை குறைந்தது. எனக்கு ஏனோ அது உவப்பாக இல்லை.

ஆகஸ்ட் 26, திங்கள்

சனி, ஞாயிறு தங்கை வீட்டில் இருந்துவிட்டு இன்று காலை நேராக அலுவலகம் போனேன். புட்டி குழம்பு மாதிரி கலங்கிக் கிடந்தது. வெள்ளிக்கிழமை நான் அதைத் தொடவே இல்லை. சத்தியமாகத் தொடவில்லை. (இந்த நோட்டில் சத்தியம் செய்ய வேண்டிய அவசியம் என்ன என்று தெரியவில்லை.)

பெருக்கும் அம்மாள் வேலையாக இருக்கும் என்று சத்தம் போட்டேன். ரெஜினா என்னைத் தனியாக அழைத்தாள்.

"அக்கா, அந்தம்மா ஒரு வாரமா லீவு. சாரு காலையில ஒன்பது மணிக்கு வந்தாரு. யாரும் இல்லன்னு நெனச்சு பாட்டிலைத் தூக்கி, இருமல் மருந்து கலக்குற மாதிரி நல்லா ஒரு குலுக்கு குலுக்கினாரு. அப்புறம் அதே எடத்துல வச்சுட்டு பேப்பர் படிக்க ஆரம்பிச்சுட்டாரு. நான் டாய்லெட் கதவுக்குப் பின்னாடி நின்னுட்டு இருந்தேன்."

"எதுக்காம்?"

"அதை நீங்கதான் எனக்குச் சொல்லணும். தூசி தொடைக்கிறேன், எறும்பு வெரட்டுறேன்னு நீங்க பண்றதையும் நான் பாத்துட்டுதான் இருக்கேன்."

எனக்குக் கோபம் வந்தது. பொதுச் சொத்தை இப்படிக் குலுக்குவது ஒரு பொறியாளருக்கு அழகா? வீட்டுக்கு வந்தும் கோபம் தீரவில்லை. தோசை ஊற்றும்போது ஒரு பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தேன் என்பது மூன்றாவது தோசையில்தான் தெரிந்தது.

ஆகஸ்ட் 28, புதன்

தலைச்சாயம் வாங்கினேன். தள்ளுபடி.

செப்டம்பர் 2, திங்கள்

ஐயா இருவரையும் உட்கார வைத்துப் பேசினார். அச்சகம் காத்திருக்கிறது. அறக்கட்டளையிலிருந்து தினம் கேட்கிறார்கள். இரண்டு வாரத்துக்குள் பகுதி போகாவிட்டால், வண்டல் இல்லாமலேயே அச்சிட்டுவிடலாம் என்று சொல்லிவிட்டார்களாம்.

"காவிரி ஓரத்துல உக்காந்து வண்டல் இல்லாத அகராதி போட்டோம்னா ஊர் சிரிக்கும், தில்லை" என்றார் ஐயா என்னிடம். அவருக்கு உண்மையிலேயே கண் கலங்கியிருந்தது. பாவமாக இருந்தது.

விளக்கம் ஏறக்குறைய முடிந்துவிட்டது என்பதை இங்கே எழுதுவதில் தவறில்லை: "ஓடும் நீர் சுமந்து வந்து, வேகம் குறையும் இடத்தில் படியவிடும் நுண்மண், மணலை விட நுண்ணியது, களியை விடப் பருத்தது, வேர் துணியப்படவில்லை." "சுமந்து வந்து" என்பது என்னுடையது. "வேகம் குறையும்" என்பது அவருடையது. இதில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. இருந்தாலும் "பருத்தது" என்ற சொல் கொஞ்சம் தடிப்பாக இருக்கிறது என்றேன். அவர் உடனே, "ஆமாமா, யோசிக்கணும்" என்றார்.

ஐயா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

செப்டம்பர் 3, செவ்வாய்

மத்தியானம் அவருக்கு மகளிடமிருந்து போன். ஒலியைக் குறைக்கத் தெரியாத மனிதர். அறை முழுக்கக் கேட்டது. மகள் நித்திலாவுக்கு ஏழாம் மாதம். வெள்ளிக்கிழமை வளைகாப்பு. அதற்கு வருகிறேன் என்று அவர் சொன்னார்.

"வளைகாப்புக்கு வந்துட்டுப் போயிடுவீங்க. பிரசவத்துக்கு? எனக்கு அம்மாவும் இல்ல. நீங்களாவது கூட இருங்கப்பா. அங்க இன்னும் என்னதான் வேலை? ஒரு வார்த்தைக்கு ரெண்டு மாசமா?"

"இந்த வார்த்தை கொஞ்சம் கஷ்டம்மா" என்றார்.

நான் அச்சுத் தட்டை அடுக்குவது போல அடுக்கிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணின் குரலில் அழுகை இருந்தது. தாய் இல்லாத பிள்ளை, முதல் பிரசவம். ஒரு ஹார்லிக்ஸ் புட்டியைக் குலுக்கிக் குலுக்கி அவள் அப்பாவை நான் இங்கே பிடித்து வைத்திருக்கிறேன். அவரும் குலுக்குகிறார், அது வேறு. நான் என் பங்கைத்தான் பேசுகிறேன்.

இரவு சாப்பாடு இறங்கவில்லை.

செப்டம்பர் 6, வெள்ளி

அவர் வளைகாப்புக்குப் போயிருக்கிறார். அறை விசாலமாக இருந்தது. நிறைய வேலை செய்ய முடிந்தது.

நான்கு மணிக்கு வண்டல் சீட்டை எடுத்து, அடியில் "இனிச் சொல்ல ஒன்றுமில்லை" என்று எழுதி, தி. தில்லைநாயகி என்று கையெழுத்துப் போட்டு, அவர் மேசையில் வைத்தேன். அலுவலக ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறது. அச்சகம் காத்திருக்கிறது. மகள் காத்திருக்கிறாள். இதே வரியை ஆயிரக்கணக்கான சீட்டுகளில் எழுதியிருக்கிறேன். இன்று மட்டும் எழுத்து கோணிப்போனது. பேனா பழையது.

புட்டியை யாரும் தொடவில்லை. தெளிகிறது.

செப்டம்பர் 9, திங்கள்

வந்தார். வளைகாப்பில் கொடுத்த கண்ணாடி வளையல்களை எனக்கும் ரெஜினாவுக்கும் கொண்டுவந்திருந்தார். எனக்குப் பச்சை. "அளவு தெரியாது மேடம், கண்ணாலதான் அளந்தேன்" என்றார். மில்லிமீட்டர் இல்லாமல் அவர் அளந்த முதல் பொருள் அதுவாகத்தான் இருக்கும். சரியாக இருந்தது.

பிறகு தன் மேசைக்குப் போனார். சீட்டை எடுத்தார். படித்தார். நான்கு வரிதான் இருக்கிறது அதில், ஆனால் நெடுநேரம் படித்தார்.

"ஒத்துக்கிட்டீங்களா?"

"ஆமா சார்."

"'பருத்தது' தடிப்பா இருக்குன்னீங்களே."

"பரவாயில்ல. பொருந்துது."

"ரெண்டு மாசமா ஒரு எழுத்தக்கூட விட்டுக்குடுக்கல. நான் இல்லாத நாளாப் பாத்து ஒத்துக்கிட்டீங்க."

என்ன சொல்வது? உங்கள் மகளுக்காக என்று சொல்லியிருக்கலாம். ஒட்டுக்கேட்டதாக ஆகிவிடும். அச்சுத் தட்டை எடுத்து நேராக வைத்தேன். அவர் என் கையெழுத்துக்கு மேல் இருந்த வரியை விரலால் ஒரு முறை தடவினார். எங்கள் அகராதியில் இரண்டு மாதம் இருந்துவிட்டாரே, எழுதியதை எழுதியபடியே நம்பும் வியாதி அவருக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. என் வரியை அப்படியே எடுத்துக்கொண்டார்.

"சரி. ஒன்றுமில்லைன்னா ஒன்றுமில்லைதானே" என்று சொல்லி, அவரும் அதே வரியை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஜன்னலோரம் போய்ப் புட்டியைப் படம் எடுத்தார். தண்ணீர் நன்றாகத் தெளிந்திருந்தது. மூன்று அடுக்கும் தெரிந்தன. பார்க்க அழகாகத்தான் இருந்தது. எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

செப்டம்பர் 13, வெள்ளி

அவருக்கு வழியனுப்பு விழா. சால்வை, கேசரி, ஐயாவின் உரை. எனக்குத் தலைவலி, போகவில்லை. வீட்டில் பருப்பு டப்பாக்களை எல்லாம் கழுவிக் கவிழ்த்தேன். கழுவியதையே மறுபடியும் கழுவினேன்.

ரெஜினா போன் செய்தாள். "கேசரியைக்கூடத் தொடலக்கா. வாசலையே பாத்துட்டு இருந்தாரு. திங்கக்கெழம காலையில ஓசூர் பஸ். அவ்வளவுதான் சொல்லுவேன்" என்று வைத்துவிட்டாள். என்ன திமிர்!

செப்டம்பர் 15, ஞாயிறு

லால்குடிக்குப் போனேன்.

இதை எப்படி எழுதினாலும் அலுவலக வேலை போலத் தெரியாது. ஆகவே நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

பேருந்து நிலையத்தில் இறங்கி, பொதுப்பணித் துறை மாசிலாமணி வீடு என்று கேட்டேன். "மண்ணு சார் வீடா?" என்று காட்டினார்கள். கதவு திறந்திருந்தது. கூடத்தில் இரண்டு பெட்டி, கட்டிய படுக்கை, சுருட்டிய திரைச்சீலை. அவர் பனியனோடு நாற்காலி மேல் ஏறிப் பரணில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் இறங்கி ஓடிப்போய்ச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தார். பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார்.

"என்ன மேடம், அச்சகத்துல ஏதாவது பிரச்சினையா?"

"இல்ல சார். சீட்டுல நான் ஒரு பொய் எழுதிட்டேன்."

"எந்த வார்த்தைல?" என்று பதறிவிட்டார்.

"விளக்கத்துல இல்ல. அதுக்குக் கீழ. இனிச் சொல்ல ஒன்றுமில்லைன்னு எழுதினேன்ல? இருக்கு."

பேருந்தில் வரும்போது நான்கு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். எல்லாம் இலக்கணச் சுத்தம். ஒன்றும் வாயில் வரவில்லை. அவர் காத்துக்கொண்டு நின்றார். அந்த மனிதருக்குக் காத்திருக்கத் தெரியும், அதைச் சொல்ல வேண்டும்.

"நீங்க போனா எனக்குக் கஷ்டமா இருக்கும் சார். இதுக்கு மேல நல்ல தமிழ்ல சொல்லத் தெரியல."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் நின்றுகொண்டிருக்கிறேன் என்று தெரிந்து, எழுந்து நாற்காலியை எனக்குப் போட்டார். எங்கே உட்காருவது என்று தெரியாமல் கடைசியில் பெட்டி மேல் உட்கார்ந்தார்.

"நானும் அதே வரியத்தானே மேடம் எழுதினேன்" என்றார். "நானும் பொய்தான். உங்களுக்கே சொல்றதுக்கு ஒண்ணும் இல்லன்னா, நான் மட்டும் சொல்லி என்ன ஆகப் போகுதுன்னு விட்டுட்டேன்."

"உங்க பொண்ணு போன்ல அழுததக் கேட்டேன். அதான் போட்டேன்."

"கேட்டுச்சா?"

"தெருவுக்கே கேட்டிருக்கும்."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்தபோது கண்ணில் தண்ணீர் வந்தது, துடைத்துக்கொண்டேன். தூசி என்று எழுதலாம்தான். தூசி இல்லை.

பிறகு நான் இருக்கும்போதே மகளுக்குப் போன் போட்டார். ஒலி வழக்கம் போல.

"நித்திலா, நாளைக்கு வரலம்மா. நாலு நாள் கழிச்சு வரேன். குழந்தை பொறந்து, நீ எந்திரிச்சு நடமாடுற வரைக்கும் கூடவே இருப்பேன். அப்புறம் இங்க திரும்பிடுவேன்."

"அங்க என்னப்பா இருக்கு? வேலைதான் முடிஞ்சு போச்சே."

"ஆள் இருக்காங்கம்மா."

"யாரு?"

"இரு, சொல்லலாமான்னு அவங்களையே கேக்குறேன்" என்று போனை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். ஐம்பத்தாறு வயதில் இப்படி ஒரு கேள்விக்கு எப்படித் தலையாட்டுவது என்று எந்தச் சீட்டிலும் இல்லை. ஆட்டினேன்.

அவர் போனைக் காதுக்குக் கொண்டுபோவதற்குள் அந்தப் பெண்ணே கேட்டாள்: "அந்தச் சண்டை போடுற மேடமாப்பா?"

செப்டம்பர் 16, திங்கள்

ஓசூர்ப் பயணம் வியாழக்கிழமைக்குத் தள்ளிப்போயிருக்கிறது என்று அலுவலகத்தில் எப்படியோ தெரிந்துவிட்டது. ரெஜினா காரணம் கேட்டாள். பேருந்தில் இடம் கிடைக்கவில்லையாம் என்றேன். என் கையில் பச்சை வளையலைப் பார்த்துவிட்டு, "பாவம்" என்றாள்.

இங்கேயும் அதையே எழுத வந்தேன். பழக்கம். பேருந்தில் எத்தனையோ இடம் இருந்தது. நான்தான் காரணம்.